நெஞ்செலும்புக்குப் பின்னால்

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினியப் பட்டை. அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊசிக்கான தண்ணீரை உள்ளே செலுத்தி மெல்லச் சுழற்றினால் கரைந்து தெளிந்துவிடும். லேபிளில் ‘தைமோசின் ஆல்ஃபா 1’ என்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதர்கள் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற எச்சரிக்கை அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் விற்பவர் அதைச் சட்டத்துக்காகப் போட்டிருக்கிறார். வாங்குபவர் அதைப் படிக்காமல் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொள்கிறார். நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்பது இருவருக்கும் நடுவே உள்ள உடன்பாடு.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு மாத்திரை வடிவத்தில் இதன் உறவுகள் இருக்கின்றன. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு, பசுவின் சீம்பாலைக் காயவைத்த பொடி, இரண்டு மூன்று அமினோ அமிலங்களை மட்டும் சேர்த்த ‘குறும்பெப்டைடு’ கேப்சூல் என்று வகைவகையாக வருகின்றன. கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சந்தை பெருத்துவிட்டது. அச்சத்தில் வாங்குகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு, அடுத்த முறை எதையாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நான் பேச விரும்புவது அந்த வியாபாரத்துக்கு அடியில் இருக்கும் ஒரு நம்பிக்கையைப் பற்றி. நோய் எதிர்ப்பு என்பது உடலில் உள்ள ஓர் இருப்பு, குறைந்தால் நிரப்பலாம், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே அந்த நம்பிக்கை. அந்தக் குப்பியில் உள்ள பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, எங்கிருந்து வந்ததோ, அந்தச் சுரப்பியின் கதையே இதை மறுக்கிறது.

*

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடலாக இருக்கிறது தைமஸ். பிறந்த குழந்தையில் உடலளவோடு பார்த்தால் மிகப் பெரிதாக இருக்கும். பருவ வயது வரை வளரும். பிறகு வருஷத்துக்கு வருஷம் கொழுப்பாகிச் சுருங்கும். 1960 வரைக்கும் இது எதற்கு இருக்கிறது என்று மருத்துவத்துக்குத் தெரியாது. வேலை முடிந்துபோன உறுப்பு என்றே பலரும் எண்ணினார்கள். நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர்கூட, தைமஸில் நிணநீர் அணுக்கள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல், அதற்குப் பெரிய பொருளில்லை என்றே 1963இல் கருதினார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே லண்டனில் ஆய்வு மாணவராக இருந்த ஜாக் மில்லர் விடையைக் கண்டுவிட்டிருந்தார். அவர் தேடியது எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயின் காரணத்தை. அதற்காகப் பிறந்த சில மணி நேரத்துக்குள் எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றினார். பால்குடி மறக்கும் வரை அவை நன்றாகவே இருந்தன. அதன்பின் மெலிந்தன, கழிந்தன, சாதாரணத் தொற்றுகளில் மடிந்தன. வேறு இன எலியின் தோலை அவற்றின் முதுகில் ஒட்டினால், எந்த எலியும் சில நாளில் உதறித்தள்ளும் அந்தத் தோலை இவை ஏற்றுக்கொண்டன. வெள்ளை எலியின் முதுகில் வேறு நிற மயிர் செழித்து வளர்ந்தது. தனது, பிறருடையது என்ற பேதமே அவற்றின் உடலுக்குத் தெரியவில்லை. 1961இல் ‘லான்செட்’ இதழில் மில்லர் இதை வெளியிட்டார். உடலின் காவல் தைமஸில்தான் உருவாகிறது என்பது அப்படித் தெரியவந்தது. அங்கே தேறும் நிணநீர் அணுக்களுக்குத் தைமஸின் முதலெழுத்தைக் கொண்டே டி செல்கள் என்று பெயர் வந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு கிளப்பிய உற்சாகத்திலிருந்துதான் இன்றைய குப்பி பிறந்தது. நியூயார்க்கில் ஏப்ரஹாம் ஒயிட்டும் ஆலன் கோல்ட்ஸ்டீனும் கன்றுகளின் தைமஸை அரைத்து, வடித்து, பிரித்து அதற்குள் இருக்கும் ஹார்மோனைத் தேடினார்கள். 1960களின் நடுவில் அந்தச் சாற்றுக்குத் தைமோசின் என்று பெயர் வைத்தார்கள். 1977இல் கோல்ட்ஸ்டீனின் குழு அதிலிருந்து 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைத் தனியே எடுத்து அதன் வரிசையைப் படித்தது. அதுவே தைமோசின் ஆல்ஃபா 1. சோவியத் நாட்டிலும் இதே காலத்தில் லெனின்கிராட் ராணுவ மருத்துவ அகாதெமியில் விளாதிமிர் கவின்சனும் சகாக்களும் கன்றின் தைமஸிலிருந்து ‘தைமாலின்’ என்ற சாற்றை எடுத்தார்கள். இன்று விற்கும் பல கேப்சூல்களின் பூர்வீகம் அங்கே இருக்கிறது. பின்னால் நடந்த ஆய்வுகளில், தைமோசின் ஆல்ஃபா 1 என்பது உடலின் ஏறத்தாழ எல்லா செல்களிலும் இருக்கும் ஒரு பெரிய புரதத்தின் நுனித்துண்டு என்று தெரியவந்தது. தைமஸுக்கு மட்டுமே உரிய ரகசியச் சாறு அல்ல அது.

*

தைமஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்கிறது. அதன் வடிவம் ஏறத்தாழ குருட்டாம்போக்கில் அமைவது. எந்தக் கிருமிக்கு ஏற்றது, நம் உடலுக்கே எதிரானது எது, ஒன்றுக்கும் உதவாதது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே தைமஸ் அவற்றுக்குப் பள்ளிக்கூடம் போலத் தேர்வு வைக்கிறது. முதல் தேர்வில், நம் செல்கள் நீட்டும் அடையாளத்தைப் படிக்கவே தெரியாதவை கழிகின்றன. அடுத்த தேர்வில், நம் சொந்தத் திசுக்களைக் கண்டு பாய்பவை கழிகின்றன. இதற்காகவே தைமஸின் உட்புறத்தில் உள்ள சில செல்கள், ஏர் என்ற மரபணுவின் துணையோடு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத புரதங்களை எல்லாம் சிறிதளவு செய்து காட்டுகின்றன. கணையத்தில் மட்டும் சுரக்கும் இன்சுலின் அங்கே காட்டப்படுகிறது. தைராய்டின் புரதமும் காட்டப்படுகிறது. இவை உன்னுடையவை, இவற்றைத் தொடாதே என்பதே பாடம். உள்ளே நுழைபவற்றில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. மிச்சம் அங்கேயே மடிகின்றன.

ஓர் உறுப்பு தான் வளர்த்த செல்களில் பெரும்பாலானவற்றைத் தானே அழிக்கிறது. அவை பலவீனமானவை என்பதால் மட்டும் அல்ல. அழிவதில் ஒரு பங்கு அதிவீரமானவை. எதையும் அடிக்கத் துணிந்தவை. உடல் அவற்றை வேண்டாம் என்கிறது.

இதற்கு எதிர்ப்புறச் சான்று ஜப்பானிலிருந்து வந்தது. மில்லர் பிறந்தவுடனேயே தைமஸை எடுத்தார். 1969இல் நிஷிசுகாவும் சகாகுராவும் பிறந்து மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றே நாள் வித்தியாசம். ஆனால் இந்த எலிகளின் உடல் காவலற்றுப் போகவில்லை. அவற்றின் சினைப்பைகள் சிதைந்தன. அது உடல் தன்னைத்தானே தாக்கிக்கொண்டதன் விளைவு என்பது பின்னால் விளங்கியது. இந்தப் புதிரை ஷிமோன் சகாகுச்சி பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார். தைமஸ் அனுப்பும் டி செல்களில் அடிப்பவை மட்டுமல்ல, அடிப்பவற்றைத் தடுத்து நிறுத்துபவையும் ஒரு தனி வகையாக இருக்கின்றன என்று 1995இல் காட்டினார். அந்தத் தடுப்புச் செல்கள் சற்றுத் தாமதமாகக் கிளம்புகின்றன. மூன்றாம் நாளில் தைமஸை எடுத்தால் முரடர்கள் வெளியே போய்விட்டிருப்பார்கள், அடக்குபவர்கள் போயிருக்க மாட்டார்கள். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் சகாகுச்சிக்கும், அந்தச் செல்களின் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் வழங்கப்பட்டது. காவலின் பாதி, கையை ஓங்காமல் இருப்பது என்று உலகம் ஒப்புக்கொண்டதாக அந்தப் பரிசை நான் வாசிக்கிறேன்.

பெப்டைடு இந்தக் கதையில் வருவது மருந்தாக அல்ல. நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டாடி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஒரு புரதப் பள்ளத்தில் வைத்து நீட்டிக்கொண்டே இருக்கிறது. கிருமி புகுந்த செல் என்றால் கிருமியின் துணுக்கும் வெளியே தெரியும். டி செல் அந்தத் துணுக்கைத் தனியாகப் படிப்பதில்லை, நம்முடைய பள்ளத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறது என்று கான்பெராவில் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் 1974இல் காட்டினார்கள். 1996இல் நோபல் பெற்றார்கள். அந்தப் பள்ளத்தின் வடிவத்தை 1987இல் ஹார்வர்டில் பமேலா பியார்க்மன் உள்ளிட்டோர் எக்ஸ்ரே படிகவியலில் பார்த்தபோது, இடுக்கில் ஏதோ ஒரு துணுக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஆக, உடலின் காவல் ஒவ்வொரு கணமும் பெப்டைடுகளைப் படிப்பதால் நடக்கிறது. எது எவருடையது என்று படித்துப் பார்த்த பிறகே அது கையை ஓங்குகிறது. படிக்கும் திறனை, இன்னும் கொஞ்சம் பெப்டைடு கொடுத்துக் கூட்டிவிடலாம் என்ற யோசனையில்தான் கோளாறு தொடங்குகிறது.

*

எங்கள் சித்தப்பாவுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. அத்தை, அதாவது அவருடைய அக்கா, புகுந்த வீட்டைச் சமாதானப்படுத்தித் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து கும்பகோணம் திரும்பியபோது சித்தப்பாவின் கையில் ஒரு மருந்துப் பை இருந்தது. அதில் முக்கியமானது சைக்ளோஸ்போரின். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் தவறாமல் விழுங்க வேண்டும். அட்டையைப் பிய்த்ததும் சாராயமும் எண்ணெயும் கலந்த நெடி குப்பென்று கிளம்பும். கொல்லையில் காய்த்த பம்பளிமாஸை அவர் தொடக்கூடாது, அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். நாளாக நாளாக ஈறு தடித்துப் பல்லின் மேல் இறங்கியது, நெற்றியிலும் கையிலும் மயிர் அடர்ந்தது. எல்லாம் அந்த மருந்தின் வேலை.

சைக்ளோஸ்போரின் ஒரு பெப்டைடு. பதினொரு அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்தது. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் சாண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறையின்போது அள்ளிவந்த மண்ணில் இருந்த பூஞ்சை தயாரிப்பது. 1972இன் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் பாசல் ஆய்வகத்தில் அது டி செல்களை அடக்குகிறது என்று தெரிந்தது. அறுவை மருத்துவர் ராய் கேன் 1978இல் கேம்பிரிட்ஜில் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1983இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதற்குப் பிறகுதான் உறுப்பு மாற்றம் என்பது துணிச்சலான சோதனை என்ற நிலையிலிருந்து அன்றாட மருத்துவமாக மாறியது. விழுங்கினால் சிதையாமல் ரத்தத்தில் சேர்ந்து, நோய் எதிர்ப்பு அமைப்பில் சந்தேகத்துக்கு இடமின்றி வேலை செய்யும் பெப்டைடு எது என்று கேட்டால் முதலில் வருவது இதுதான். அது செய்யும் வேலை எதிர்ப்பைக் குறைப்பது.

2020இல் ஊரடங்கு சமயம். பக்கத்துத் தெரு நண்பர் முகக்கவசத்தோடு வந்து வாசலில் நின்று ஒரு டப்பாவை நீட்டினார்.

“எதிர்ப்பு சக்திக்குண்ணே. எங்க வீட்ல எல்லாரும் சாப்பிடறோம். உங்களுக்குத்தான் முக்கியம்.”

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “உங்க மனசுக்கு நன்றிப்பா. எனக்கு அது ஆகாது. இருக்கிற சக்தியையே அடக்கித்தான் இத்தனை வருஷம் அக்காவோட கிட்னிய காப்பாத்தி வெச்சிருக்கேன்.”

அந்தப் பதிலில் இருந்த தெளிவை நான் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன். அக்காவின் சிறுநீரகத்தைச் சித்தப்பாவின் டி செல்கள் பகையாகத்தான் படிக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை அது சரியான வாசிப்பு. அந்தச் சரியான வாசிப்பே அவருக்கு மரணம். மருத்துவம் அங்கே உடலின் வீரத்தைத் தட்டிக்கொடுப்பதில்லை, பொறுத்துக்கொள்ள வைக்கிறது. ஆனால் பொறுமைக்கும் விலை உண்டு. சிறு காய்ச்சல் வந்தாலும் சித்தப்பா சென்னைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இது மாற்றுறுப்பு வாங்கியவர்களின் கதை மட்டும் அல்ல. முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு என்று உடல் தன்னையே தாக்கும் நோய்கள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இருப்பது குறைந்த எதிர்ப்பு அல்ல, தடம் மாறிய எதிர்ப்பு. கொரோனாவிலும் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். உயிர்களைக் காப்பாற்றியதாக முதலில் உறுதியான மருந்து டெக்ஸாமெத்தசோன். விலை மலிவான பழைய ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகச் சொன்னது. அது வைரஸைக் கொல்லவில்லை. கட்டுமீறிப் போன எதிர்ப்பைத் தணித்தது. வெளியே உலகம் எதிர்ப்பைக் கூட்டும் பொடிகளைத் தேடி அலைந்த அதே மாதங்களில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அதைக் குறைக்கும் ஊசிதான் உயிர் காத்தது.

*

தைமோசின் ஆல்ஃபா 1 வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது ஐம்பது வருஷ உழைப்புக்கு அநீதி. சீனா, இத்தாலி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றிருக்கிறது. நாள்பட்ட கல்லீரல் அழற்சி பி நோயாளிகளுக்கு வாரம் இருமுறை 1.6 மில்லிகிராம் தோலடி ஊசியாகக் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு நலிந்த சிலருக்குத் தடுப்பூசியின் பலனைக் கூட்டவும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் பெரிய நம்பிக்கை வைத்திருந்த இடத்தில் அது கைகொடுக்கவில்லை. ரத்தத்தில் தொற்று பரவி உறுப்புகள் தளரும் செப்சிஸ் நோயாளிகள் 1,106 பேரைச் சேர்த்துச் சீனாவின் 22 மருத்துவ மையங்களில் நடந்த சோதனை 2025இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. 28 நாளில் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 23.4 விழுக்காடு, வெற்று ஊசி பெற்றவர்களில் 24.1 விழுக்காடு. இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இடமில்லை. தேர்ந்தெடுத்த நோயாளிக்கு, தெரிந்த அளவில், மருத்துவர் கண்காணிப்பில் பயன்படக்கூடிய ஒரு மருந்துக்கும், ஆரோக்கியமான ஒருவர் சும்மா போட்டுக்கொள்ளும் குப்பிக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது. தூய்மை யார் கையில் சோதிக்கப்பட்டது என்றே தெரியாத குப்பி என்றால் இன்னும் பெரிது.

விழுங்கும் பெப்டைடுகளுக்கு வேறொரு சிக்கல். நம் இரைப்பையும் சிறுகுடலும் புரதத்தை உடைப்பதற்கென்றே அமைந்தவை. பெப்சின், டிரிப்சின் முதலான நொதிகள் ஏறத்தாழ எந்தப் பெப்டைடையும் அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமிலத் துணுக்குகளாகவும் வெட்டிப்போடுகின்றன. கன்றின் தைமஸானாலும் கடையில் வாங்கிய பயறானாலும் முடிவில் அதே மூலப்பொருள்கள்தான். இன்சுலின் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில். நூறு வருஷத்துக்குப் பிறகும் இன்சுலின் தேவைப்படும் நீரிழிவுக்காரர்கள் பெரும்பாலும் ஊசியைத்தான் குத்திக்கொள்கிறார்கள். செமாக்ளூடைடு என்ற பெப்டைடு 2019இல் மாத்திரையாக வந்தது. உறிஞ்சப்படுவதற்கு உதவும் தனி வேதிப்பொருளைச் சேர்த்து, வெறும் வயிற்றில் அரை தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தும், சுமார் ஒரு விழுக்காடுதான் ரத்தத்தில் சேர்கிறது. சைக்ளோஸ்போரின் தப்பிப்பது அதன் வளைய வடிவத்தாலும் நொதிகள் பிடிக்க முடியாத அதன் பிணைப்புகளாலும். சாதாரணக் கேப்சூலுக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

சீம்பால் பொடியின் கதையும் இதோடு சேர்ந்தது. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் தாயின் எதிரணுக்கள், அதாவது ஆன்டிபாடிகள், இருக்காது; பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் கன்றின் குடல் அவற்றை முழுசாக உறிஞ்சிக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு நாளில் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே சீம்பால் கன்றுக்கு உயிர்ப்பிரச்சினை. மனிதக் குழந்தைக்கோ எதிரணுக்கள் கருவிலேயே வந்துவிடுகின்றன. தாயின் சீம்பால் அதன் குடலிலும் தொண்டையிலும் காவலாகப் படிகிறது. நாற்பது வயதுக்காரர் வாங்கிச் சாப்பிடும் பசுஞ்சீம்பால் பொடி அவருடைய வயிற்றில் பெரும்பாலும் உணவாகத்தான் ஜீரணமாகும். நம் ஊர்களில் தாயின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ சேனை வைத்த காலம் வெகு தூரத்தில் இல்லை. இன்றும் அங்கங்கே நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. அதைக் கொட்டிவிட்ட சமூகம் மாட்டுச் சீம்பாலை டப்பாவில் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

*

தைமஸைப் பற்றி மருத்துவம் செய்த மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடற்கூறு படிக்க மருத்துவர்களுக்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பட்டினியிலும் நீண்ட நோயிலும் இறந்தவர்களின் தைமஸ் சுருங்கிப்போயிருக்கும். அதையே இயல்பான அளவு என்று எழுதிவைத்தார்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று இறந்து அதை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் பெரிதாக இருந்தது. வீங்கிய தைமஸ்தான் குழந்தையைக் கொன்றது என்று முடிவுகட்டினார்கள். வியன்னாவில் பால்டவுஃப் 1889இல் இதற்கு ஒரு நோய்ப்பெயரே வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில், அந்தப் ‘பெரிய’ தைமஸைச் சுருக்குவதற்காக எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அப்படி ஒரு நோயே இல்லை. கதிர் பட்ட குழந்தைகளில் பலருக்குப் பின்னால் தைராய்டு புற்றுநோய் வந்தது. அந்தத் தொடர்பை டஃப்பியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1950இல் சுட்டிக்காட்டினார்கள்.

ஜான் சைமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1845லேயே, உடலின் ஊட்டத்தைத் தைமஸின் அளவில் காணலாம் என்று எழுதியிருந்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏழையின் உடலில் பசி எழுதியிருந்ததை இயற்கையின் எழுத்தாக வாசித்துவிட்டார்கள். சுருங்கிய தைமஸ் ஒரு சமூகத்தின் குற்றப்பத்திரிகை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

நம் எதிர்ப்பு எங்கே வளர்கிறது என்ற கேள்விக்கான விடை எனக்கு இங்கிருந்து கிடைக்கிறது. 1996இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நான்கு மாதக் குழந்தைகளின் தைமஸை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவற்றின் தைமஸ், பால்பவுடர் குடித்தவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. காம்பியா நாட்டின் கிராமங்களில், தானியம் தீர்ந்துபோகும் பஞ்ச மாதங்களில் பிறந்தவர்கள் பெரியவர்களான பிறகு அகால மரணமடைவது பல மடங்கு அதிகம் என்று 1997இல் ஓர் ஆய்வு கண்டது. வேறு நாடுகளில் அதே அளவு வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பசித்த குழந்தையின் தைமஸ் சுருங்குகிறது என்பதில் ஐயமில்லை. சோறு கிடைத்தால் அது மீள்கிறது என்பதிலும் ஐயமில்லை.

எதிர்ப்பைப் பறிக்கும் நோய் ஒன்றையும் நாம் அறிவோம். மணல்வாரி என்று ஊரில் சொல்லும் தட்டம்மை. அது வந்து போனால், முந்தைய நோய்களைப் பற்றி உடல் சேர்த்துவைத்த நினைவில் ஒரு பங்கையே அழித்துவிடுகிறது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, அவர்களிடம் இருந்த எதிரணுக்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மையோடு போயிருந்தன. ஆக, அங்கன்வாடியில் கிராம சுகாதார செவிலியர் போடும் தட்டம்மை ஊசி ஒரு நோயை மட்டும் தடுப்பதில்லை. உடல் அதுவரை கற்றது அனைத்தையும் காக்கிறது. கூடவே தடுப்பூசி என்பது உடலின் படிக்கும் திறனை மதித்து, படிக்க வேண்டியதை அதன் முன்னால் வைக்கும் முறை. எதிர்ப்பைக் கூட்டுவதாக வரும் எல்லா வாக்குறுதிகளிலும் நிரூபிக்கப்பட்ட ஒன்று அதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட இடமிருக்கிறது. 1982இல் விரிவடைந்த சத்துணவையும் 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நாம் பெரும்பாலும் பள்ளி வருகைக் கணக்கிலும் தேர்தல் கணக்கிலும் பேசுகிறோம். காலையில் ஒரு தட்டு ரவை உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் முழு வேகத்தில் வேலை செய்யும் வயது அது. இந்த வயதில் தேறி வெளிவரும் டி செல்களின் வம்சம் அந்தப் பிள்ளைக்கு அறுபது எழுபது வருஷம் காவலிருக்கும். பெரியவர்கள் ஆனபின் நாம் தேடி வாங்கும் எந்தக் குப்பியாலும் அந்த வருஷங்களை ஈடுசெய்ய முடியாது.

எதிர்ப்பைத் தனிமனிதச் சொத்தாக, காசிருப்பவர் கூட்டிக்கொள்ளக்கூடிய சேமிப்பாக விற்பதே இந்தச் சந்தையின் அடிப்படைப் பிழை. தட்டம்மை ஓர் ஊரில் பரவாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். சித்தப்பாவைப் போன்றவர்கள், உயிருள்ள கிருமி கலந்த அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாதவர்கள், அந்தத் தொண்ணூற்றைந்து பேரின் நடுவில்தான் பத்திரமாக இருக்கிறார்கள். என் உடலின் காவலில் பெரும்பங்கு என் தோலுக்கு வெளியே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் உடலில் இருக்கிறது. பெப்டைடு ஆராய்ச்சி தொடரட்டும். நலிந்தவர்களுக்கு உதவும் மருந்து ஒன்று அதிலிருந்து கிடைத்தால் நான் மகிழ்வேன். அதுவரை எதிர்ப்பு சக்திக்காக எங்கே செலவு செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பிள்ளைகளின் தட்டிலும், பிரசவித்த தாயின் ஓய்விலும், ஊசி போடும் செவிலியரின் சம்பளத்திலும் செலவு செய்யுங்கள். நம் எல்லோருடைய எதிர்ப்பும் அங்கேதான் உருவாகிறது.